கன்னத்துக் கரிவட்டம்

யுத்த காலத்தில் நான் சேலத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். அந்தப் பட்டறையில் தலைக்குழியைத் தப்பாக வெட்டியவனின் கன்னத்தில் ஒரு கரிவட்டம் வைப்பார்கள். ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. சாயங்காலம் எஞ்சின் நிற்கும்வரை அதைத் துடைக்கக் கூடாது. நின்ற பிறகும் பட்டறைத் தொட்டியில் முகம் கழுவக் கூடாது. கடைவீதி வழியாக அந்தக் கன்னத்தோடு நடந்து, வீட்டில் போய்த்தான் கழுவ வேண்டும். கடைவீதியில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். வெற்றிலைக் கடைக்காரர் சில்லறையைக் கொடுக்கும்போது கன்னத்தைத்தான் பார்ப்பார்.

குழி இன்னதென்று சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக் கிணற்றுப் பம்புகளுக்கு நாங்கள் வார்ப்பிரும்பு மூடி செய்து கொடுத்தோம். மூடியை நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கும். மூடிக்கு மிக நெருக்கத்தில் பெல்ட் ஓடும் சக்கரம் சுழலும். போல்ட்டின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சக்கரம் அதைத் தட்டும். அதனால் போல்ட் நுழையும் துளையின் வாயை மட்டும் அகலமாக்கி, தலை உள்ளே அமிழும்படி ஒரு குழி வெட்ட வேண்டும். தலைக்குழி என்று சொல்வோம். அதன் தரை தட்டையாக இருக்க வேண்டும். துளை போடும் பிட்டு கூம்பாகத்தான் குடையும். தட்டைத் தரையை லேத்து என்கிற கடைசல் மிஷினில் தனியாக டூல் பிடித்து வெட்டி எடுக்க வேண்டும். தரை கிண்ணமாகக் குழிந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்தாலும் போல்ட்டின் தலை முழுதாக உட்காராது. ஒரு பக்கமே பாரம் ஏறி, ஒருநாள் ஓடும்போது தலை தெறித்துவிடும். எடப்பாடிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படித் தெறித்த தலை ஒரு எருதின் கண்ணில் பட்டது. எருதை அந்த வாரச் சந்தையிலேயே விற்றுவிட்டார்கள்.

பட்டறையில் லேத்து ஒன்றுதான். அதன் முகப்பில் வண்டிச் சக்கரத்துக் குடத்தைவிடப் பெரிய இரும்புத் தட்டு இருக்கும். மூடியை அந்தத் தட்டில் வைத்து, வெட்ட வேண்டிய துளை நட்ட நடுவில் வரும்படி கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். துளை நடுவில் வந்தால் மூடி ஒருபக்கமாகத் தொங்கும். அதற்கு ஈடாக எதிர்ப்பக்கத்தில் ஓர் இரும்புக் கட்டியைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் தட்டு சுழலும்போது லேத்து தரையோடு ஆடும். ஒரு மூடிக்கு நான்கு முறை இப்படிக் கழற்றி மாட்ட வேண்டும். மூடிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு இரும்புத் துகள் சிக்கினால் தரை சாய்ந்துவிடும். டூலின் முனை மயிரிழை கோணினால் தரை கிண்ணமாகிவிடும்.

குழியைச் சோதிக்க மேஸ்திரியிடம் ஒரு கட்டை இருந்தது. கைப்பிடி வைத்த எஃகு உருளை. அடி கண்ணாடிபோல் தட்டை. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அந்த அடியில் பூசுவார். குழிக்குள் விட்டு ஒரு திருகு திருகி எடுப்பார். தரை முழுவதும் கரி ஒட்டியிருந்தால் குழி சரி. அதற்குப் பட்டறையில் பௌர்ணமி என்று பேர். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பிறை. பிறை வந்தால் மேஸ்திரி பேசமாட்டார். அதே கட்டையை இன்னொரு முறை கரியில் தொட்டு, வெட்டியவனின் கன்னத்தில் வைத்து ஒரு திருகு திருகுவார். கன்னத்தில் மட்டும் எப்போதும் பௌர்ணமிதான்.

மேஸ்திரி மல்லசமுத்திரத்துக்காரர். கை வைத்து யாரையும் அடித்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

லேத்தில் நின்றவர் தறிக்காரர். நாற்பது வயதைத் தொட்டவர், குமாரபாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்திருந்தவர். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றது. சேலத்துக்கு வந்து எங்கள் பட்டறையில் முதலில் இரும்பு சுமந்தார். பழைய டர்னர் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டதால் லேத்து இவர் கைக்கு வந்தது. வேலை சுமார். நல்ல டர்னர் என்று அவரைச் சொல்ல முடியாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கன்னத்தில் வட்டத்தோடு போவார்.

அவரிடம் தறிப் பழக்கம் ஒன்று போகவில்லை. தறியில் உட்காருகிறவன் நெய்துகொண்டே துணியின் அடியில் விரலை விட்டுத் தடவுவான். அறுந்த இழை கண்ணுக்குப் படுவதற்குள் விரலுக்குப் படும். இவர் குழியையும் அப்படியே பார்த்தார். வெட்டி முடித்ததும் ஆட்காட்டி விரலை உள்ளே விட்டுத் தரையைத் தடவுவார். மேஸ்திரி பல முறை சொன்னார்.

“அது சீலை இல்லீங்க தறிக்காரரே. தட்டு நின்னப்பறம் கைய வெய்யுங்க.”

“நின்னுதானுங்க வெச்சேன்.”

“நிக்கறதுக்கும் நிக்கப்போறதுக்கும் நடுவுல ஒரு சுத்து இருக்குது, சாமி.”

இவருடைய மூத்த மகளுக்குக் குமாரபாளையத்தில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் தறிக்குடும்பம். பெண்ணைப் பார்த்துவிட்டார்கள், பிடித்துவிட்டது. பையனின் தகப்பனாருக்கு ஒரு விஷயம் மட்டும் தெளியவில்லை. தறியை விட்டு வந்த மனிதர் சேலத்தில் உண்மையில் என்ன செய்கிறார்? மிஷின் வேலை என்று இவர் சொல்லி அனுப்பியிருந்தார். மிஷினில் நிற்கிறாரா, மிஷினுக்குப் பக்கத்தில் கூலிக்கு நிற்கிறாரா என்று கண்ணால் பார்த்துவிட்டு வெற்றிலை மாற்றலாம் என்று அவர்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பட்டறைக்கே வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தறிக்காரர் மேஸ்திரியின் முன்னால் போய் நின்றார். நான் வைஸில் அரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

“மேஸ்திரிங்க, நாளைக்குச் சம்பந்தம் பேசறவங்க இங்க வாராங்க.”

“வரட்டுமுங்க. டீ வாங்கிக் குடுக்கலாம்.”

“நாளைக்கு ஒரு நாளு கட்டை வேண்டாமுங்க. தப்பாப் போனா மறுநாளு வச்சுக்கலாமுங்க. ரெண்டு கன்னத்துலயும் வச்சாலும் சரிங்க.”

மேஸ்திரி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

“கட்டைய நானா வெக்கறேன்? குழிதான் வெக்குது. தட்டையா வெட்டுங்க, கட்டை உங்க பக்கமே வராது.”

“வேற வேலை குடுத்தாலும் ஆகுமுங்க. ஷாஃப்ட்டு கடையறது கெடக்குது.”

“ஷாஃப்ட்டு கடையறத ஆரு பாப்பாங்க? மாப்பிள்ள ஊட்டுக்காரங்களுக்குப் பெரிய வேலையாக் காட்டோணுமல்ல? மூடி ஒண்ணு குடுக்கறேன். நாலு குழியும் நின்னு வெட்டுங்க. பாத்துட்டுப் போகட்டும்.”

எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன் அந்தப் பக்கத்திலிருந்து, “நாலும் பௌர்ணமி ஆச்சுன்னா நான் டீ வாங்கித் தாரேன் சம்பந்தி,” என்றான். அன்று மாலைக்குள் பட்டறை முழுவதும் டீப் பந்தயம் கட்டிவிட்டது. தறிக்காரர் பக்கம் கட்டியவர்கள் குறைவு.

வெள்ளிக்கிழமை அவர் வெளுத்த வேட்டி கட்டி வந்தார். லேத்து வேலைக்கு அது ஆகாது என்று தெரிந்தும் கட்டியிருந்தார். முதல் குழிக்கு டூலைச் சாணைக்கல்லில் வெகுநேரம் தீட்டினார். மூடியை மாட்டுவதற்கு முன் தட்டைத் துணியால் துடைத்தார், பிறகு உள்ளங்கையால் துடைத்தார், பிறகு ஊதினார். வெட்டினார். மேஸ்திரி வந்து கட்டையை விட்டுத் திருகினார். பௌர்ணமி. இரண்டாவதும் பௌர்ணமி. சாப்பாட்டுக்கு முன் மூன்றாவதும் முடிந்தது. எஞ்சின்காரன் முகம் சுருங்கியது.

“மீசைய முறுக்கிக்குங்க சம்பந்தி.”

“இன்னும் ஒண்ணு இருக்குது. பேசாதயப்பா,” என்றார் தறிக்காரர்.

அவர் சாப்பிடவில்லை. தூக்குப்போசியைத் திறக்காமலே நாலாவது குழிக்கு மூடியைத் திருப்பி மாட்டினார். அன்று கரி பஸ் நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டது. பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரி எரித்து ஓடிய பஸ் அது, நேரத்துக்கு வந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. நாலாவது குழியின் தரையை டூல் கடைசியாகச் சீவிக்கொண்டிருக்கும்போது வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டையில் பஸ்ஸின் கரி படிந்திருந்தது. துண்டால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

தறிக்காரர் அவர்களைப் பார்த்தார். கம்பை இழுத்து, லேத்து நிற்கும்படி பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளினார். டூலைச் சற்றே பின்னால் வாங்கினார், முழுதாக வாங்கவில்லை. தட்டு வேகம் குறைந்து, கனத்த சக்கரம் நிற்கும்போது செய்வதுபோல் ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்றிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கரிக்கட்டையோடு வருவதற்குள் குழி எப்படியிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். விரலை உள்ளே விட்டார்.

சுற்றிவந்த கிளாம்ப்பின் தலை அவர் மணிக்கட்டைத் தட்டி டூலின் மேல் தள்ளியது. குழியின் விளிம்பும் டூலின் முனையும் கத்தரிபோல் ஒன்றையொன்று கடந்தன. தட்டு இன்னும் அரைச் சுற்றுப் போய் நின்றது.

அவர் கத்தவில்லை. கையை எடுத்துப் பார்த்தார். ஆட்காட்டி விரலில் மேல் கணு இல்லை. வலது கை.

நான்தான் பக்கத்தில் இருந்தேன். கைதுடைக்கும் பஞ்சில் மண்ணெண்ணெயை ஊற்றிச் சுற்றிக் கட்டினேன். மில்லிலிருந்து மூட்டையாக வரும் கழிவு நூல் அது, வேஸ்ட்டு என்போம். அவர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

“அவங்ககிட்டச் சொல்லாதீங்க.”

மேஸ்திரி வந்தார். குழிக்குள் பார்த்தார். உள்ளே இருந்ததைக் குறடால் எடுத்து எஞ்சின்காரனிடம் கொடுத்தார். அவன் அதை வேஸ்ட்டில் சுற்றி, பின்பக்க வேலி ஓரத்தில் புதைத்து, நாய் தோண்டாமலிருக்க மேலே ஒரு கழித்துப்போட்ட மூடியை வைத்துவிட்டு வந்தான். அதற்குள் மேஸ்திரி குழியைத் துடைத்துவிட்டார். கட்டையில் கரி பூசினார். உள்ளே விட்டு ஒரு திருகு திருகினார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பௌர்ணமி.

“சுத்தமான குழி,” என்றார். டூலில் இருந்த இரத்தத்தைத் துடைக்கச் சொன்னார், காய்ந்தால் துருப் பிடிக்கும் என்று.

வந்தவர்களை அவரே போய் அழைத்துவந்தார். பையனின் தகப்பனாருக்கு ஐம்பது வயதிருக்கும். கூட வந்தவர் அவர் தம்பி. லேத்துக்கும் வாசலுக்கும் நடுவே பெல்ட்டுகளும் நாங்களும் நின்றதால் அவர்கள் எதையும் பார்க்கவில்லை. தறிக்காரர் லேத்தை ஒட்டி நின்றுகொண்டு கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். துண்டு அதை மறைத்தது. முகம் சுத்தமாக இருந்தது. நெற்றியில் விபூதி இருந்தது.

“இதுதானுங்களா மிஷினு?”

“ஆமாங்க.”

“உங்க கையிலதான் ஓடுதுங்களா?”

“எங் கையிலதானுங்க.”

பையனின் தகப்பனார் லேத்தை ஒருமுறை சுற்றி வந்தார். மூடியைக் காட்டி, இது என்ன, எதற்கு என்று கேட்டார். தறிக்காரர் நிதானமாகச் சொன்னார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. மூடிய விரல்களுக்கு இடையிலிருந்து சொட்டியது அவருடைய வேட்டியின் பின்பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. அது எங்களுக்கு மட்டும் தெரிந்தது.

கேட்டு முடித்ததும் அந்தப் பெரியவர் தறிக்காரன் செய்கிற காரியத்தைச் செய்தார். ஆட்காட்டி விரலை நாலாவது குழிக்குள் விட்டுத் தரையைத் தடவினார். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு தடவினார். தறியில் அப்படித்தான் தடவுவார்கள்.

“வழவழன்னு இருக்குதுங்க. கஞ்சி போட்டுக் காஞ்ச பாவு நூலாட்டம்.”

தறிக்காரர் சிரித்தார். அன்று அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். காரியம் முடிந்தது என்றே நாங்கள் நினைத்தோம். பந்தயத்தில் தோற்ற எஞ்சின்காரன் டீக்குச் சொல்லப் புறப்பட்டான்.

மேஸ்திரி சொன்னார். “நல்லாத் தடவிப் பாருங்க. உங்க சம்பந்தியும் இப்பத்தான் தடவிப் பாத்தாரு. வெரலு அங்கயே நின்னுக்கிச்சு.”

பெரியவர் இதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு பலமாகச் சிரித்தார். “மேஸ்திரி தமாசாப் பேசறீங்க.”

“தமாசில்லீங்க. கையக் காட்டச் சொல்லுங்க. மாசத்துல பாதி நாளு கன்னத்துல கரியோடதான் ஊட்டுக்குப் போவாரு. இன்னைக்கு நீங்க வாரீங்கன்னு வெரலக் குடுத்து மூஞ்சியக் காப்பாத்திக்கிட்டாரு.”

எஞ்சின்காரன் சிரித்தான். அவன் சிரித்ததும் எல்லோரும் சிரித்தோம். சொன்ன விதம் அப்படி இருந்தது.

தறிக்காரர் கையை முன்னால் கொண்டுவந்தார். யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை, அவராகவே கொண்டுவந்தார். வேஸ்ட்டு நனைந்து கறுத்திருந்தது.

பையனின் தகப்பனார் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். விரல் நுனியில் கரி இருந்தது. துண்டின் ஓரத்தில் துடைத்தார். போகவில்லை, விளக்கெண்ணெய்க் கரி லேசில் போகாது. பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வைத்தியருகிட்டக் காட்டுங்க. போனாப் போகுது போங்க. வெரலுதானே.”

“சரிங்க.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க.”

டீ வந்தபோது அவர்கள் இல்லை. அவர்களுக்கு வந்த டீயை எஞ்சின்காரனும் இன்னொருவனும் குடித்தார்கள்.

மேஸ்திரி பின்னால் என்னிடம், “வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். மறச்சு வெச்சாலும் பின்னால அவங்களுக்குத் தெரியாமயா போகும்?” என்றார். அது உண்மைதான்.

அடுத்த வாரம் தரகர் பதில் கொண்டுவந்தார். பெண்ணின் மேல் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லையாம். பட்டறை வேலை மட்டும் பெரியவர்களுக்கு ஒப்பவில்லையாம். சம்பந்தி இரும்பை விட்டுவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்தால் பெண்ணை எடுத்துக்கொள்கிறார்களாம். நூலுக்கு அவர்களே வழி செய்வார்களாம்.

தரகர் இதைப் பட்டறை வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். நல்ல சேதி என்று நினைத்தார்.

தறிக்காரன் அறுந்த இழையில் முடிச்சுப் போடுவது கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும்தான். கண்ணால் பார்க்காமல் இரண்டு விரலையும் ஒரு உருட்டு உருட்டினால் முடிச்சு விழும். ஓடுகிற தறியில் அது பத்து வயதில் படிகிற பழக்கம். பையனின் தகப்பனாருக்கு இது தெரியாமல் இருக்காது. அவர் பார்த்துவிட்டுப் போன கையில் இல்லாதது அந்த விரல்தான்.

மேஸ்திரி அன்று சாப்பிடும்போது சொன்னார். “மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குமாரபாளையத்துக்காரங்களுக்கு மரியாதை சாஸ்தி.”

தறிக்காரருக்கும் இது புரிந்திருக்கும் என்று நினைத்தோம். புரியவில்லையோ, புரிந்தும் ஒதுக்கிவைத்தாரோ, தெரியாது. மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வேஸ்ட்டு மூட்டையிலிருந்து நூல் உருவத் தொடங்கினார். சிக்கில்லாத இழையாகப் பார்த்து எடுப்பார். நடுவில் அறுப்பார். கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து உருட்டுவார். முடிச்சு நழுவும். மறுபடி உருட்டுவார். விரலில் கட்டு இருந்தவரை அது இழையில் உரசி வலித்தது. உதட்டைக் கடித்துக்கொள்வார். கட்டு அவிழ்ந்த பிறகும் அந்த மொட்டை விரல் இழை இருக்கும் இடத்துக்குத் தானாகவே போய் நின்றது. அதை மடக்கி வைத்துக்கொள்ள ஒரு நூலால் உள்ளங்கையோடு கட்டிக்கொண்டார்.

பட்டறையில் இது ஒரு வேடிக்கையாகிவிட்டது.

“எத்தன முடிச்சு ஆச்சுங்க சம்பந்தி?”

“ஆகுது, ஆகுது.”

“மூணு முடிச்சுக்கே இந்தப் பாடா?”

அவர் நிமிராமல் உருட்டிக்கொண்டிருப்பார். லேத்தில் அவரைக் குழி வெட்டுவதிலிருந்து மாற்றி, ஷாஃப்ட் கடையும் வேலையில் வைத்திருந்தார் மேஸ்திரி. முன்பு அவர் கேட்டுக்கொண்ட அதே வேலை.

கோடை தொடங்கிய சமயம் அவருக்கு அது கைவந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நீள இழையில் வரிசையாக முடிச்சுகள் போட்டார். இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக் காட்டினார். ஒன்றும் நழுவவில்லை. எஞ்சின்காரனும் வாங்கி ஒருமுறை இழுத்துப் பார்த்தான். அன்று சாயங்காலமே தரகர் வீட்டுக்குப் போய், அடுத்த மாதமே தறியில் உட்காரத் தயார் என்று சொல்லிவிட்டு வந்தார். முடிச்சுப் போட்ட இழையை லேத்தின் பக்கத்தில் டூல் வைக்கும் பலகையில் சுருட்டி வைத்திருந்தார். தரகர் கேட்டால் கொடுத்தனுப்பலாம் என்று.

தரகர் சில நாள் கழித்து வந்தார். இந்த முறை வாசலில் நின்று சத்தமாகச் சொல்லவில்லை, லேத்துவரை உள்ளே வந்தார்.

“அந்தப் பையனுக்குத் தை மாசமே கலியாணம் ஆயிப்போச்சுங்களாமா. எங்கிட்டயும் ஆரும் சொல்லுல. நாமகிரிப்பேட்டைப் பொண்ணு.”

“தை மாசமுங்களா?”

“ஆமாங்க.”

விரலில் இருந்த கட்டு அவிழ்ந்தது மார்கழியில். தறிக்காரர் அதை எண்ணிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். தரகருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அன்று பிற்பகல் ஒரு மூடி அவசரமாகப் போக வேண்டியிருந்தது. மேஸ்திரி அவரைக் குழிக்கு நிற்கச் சொன்னார். அவர் மூடியை மாட்டும்போது தட்டை ஊதவில்லை. வெட்டி முடித்து, பெல்ட்டைத் தள்ளி, தட்டு முழுதாக நிற்கும்வரை இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். விரலை உள்ளே விடவில்லை.

மேஸ்திரி வந்தார். குழியில் கிடந்த துகளைத் துடைக்கக் கையில் வேஸ்ட்டு இல்லை. பலகையில் சுருட்டி வைத்திருந்த நூலை எடுத்தார். முடிச்சுகள் குழியின் விளிம்பில் மாட்டி மாட்டி வந்தன. துடைத்துவிட்டுக் கீழே போட்டார். கட்டையை உள்ளே விட்டுத் திருகினார்.

பிறை.

அவர் கட்டையைக் கரியில் தொடுவதற்கு முன்பே தறிக்காரர் கன்னத்தைத் திருப்பி வைத்திருந்தார்.